வீட்டில் குளிர்ந்த இடம்

என் இடுப்பில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்த அளவு. அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்குள் போய் முடிகிறது. இரவு பகல் பாராமல் அது எனக்குத் துளித்துளியாக இன்சுலின் தந்துகொண்டிருக்கிறது. சாப்பிடப் போகிறேன் என்று பொத்தானை அழுத்தி அறிவித்தால் உணவின் அளவுக்கேற்ப மேலதிகமாக வழங்குகிறது. அறிவிக்காமல் சாப்பிட்டால், கையில் ஒட்டியிருக்கும், சீனியை அளக்கும் வில்லை ஒன்று காட்டிக்கொடுக்க, பெட்டி கத்துகிறது. முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கச்சேரியில், கோப்புகளுக்கு நடுவே வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மேலே இருந்த எந்த அதிகாரியும் இவ்வளவு ஒழுங்காகக் கடமை செய்ததைக் கண்டதில்லை.

இந்த இன்சுலின் பம்ப்பை மகள் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனாள். மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். அதற்கான சாமான்கள் ஊருக்கு வருகிற யாருடைய பயணப் பெட்டியிலாவது, சொக்கிளேற்றுகளுக்கு நடுவில் வந்து சேரும். நீரிழிவுக்காரியின் குழாய் சொக்கிளேற்றோடு பிரயாணம் செய்வதைப் பற்றி நான் முறைப்பாடு செய்வதில்லை. மாற்றும் ஒழுங்கைப் பதினொரு படிகளாகத் தமிழில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். ஏழாவது படியைத் தவறவிட்டால் குழாய்க்குள் காற்றுக் குமிழி போகும். இதுவரை தவறவிட்டதில்லை.

போன மாதம் வங்கி வரிசையில் நிற்கும்போது பெட்டி கத்தத் தொடங்கிவிட்டது. பின்னால் நின்ற பெடியன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“அன்ரி, உங்கடை ஃபோன் கனநேரமா அடிக்குது.”

“அது ஃபோன் இல்லைத் தம்பி, என்ரை சதையி.”

அவன் ஓரடி பின்னால் போனான்.

வயிற்றுக்குள் இருந்து இன்சுலின் சுரக்க வேண்டிய அந்தச் சதையி, எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டது. முன்னறிவித்தலும் இல்லை, இராஜினாமாக் கடிதமும் இல்லை. அன்றிலிருந்து அதன் வேலையை மற்றவர்கள்தான் பார்த்து வருகிறார்கள். போர்க்காலத்தில் மருந்து வராத மாதங்களிலும் யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்தார்.

பம்ப்பில் நிரப்பும் மருந்தோடு ஒரு தாள் வரும். விரித்தால் மேசை விரிப்பு அளவு. அதை முழுவதும் வாசித்த மனிதப் பிறவி நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். இந்த இன்சுலினை நுண்ணுயிர்களை வைத்துத் தொட்டிகளில் உண்டாக்குகிறார்கள் என்று அதில் ஓரிடத்தில் இருந்தது. எந்தப் பிராணியின் வயிற்றையும் கிழிக்கவில்லை என்பது அதன் பொருள். அந்த வரியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டியிருப்பேன்.

புத்தூரில் எங்கள் வீட்டில் அப்போது நான்கு பேர்: அம்மா, அம்மாவின் தமக்கையான பெரியம்மா, அவர்களுடைய தம்பியான மாமா, நான். என் தகப்பனாரான ஐயாவுக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம். வருடத்தில் மூன்று தரம் ரயிலில் வந்து, விருந்தாளி போல நின்றுவிட்டுப் போவார். வீட்டை ஆண்டவர் பெரியம்மா. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சுத்த சைவம். மற்றவர்கள் நாங்கள் மீன் சாப்பிடுவோம். ஆனால் மச்சம் காய்ச்சும் சட்டியும் அகப்பையும் தனி. கோயிலில் கொடி ஏறுவதற்கு முதல் நாள் அந்த மச்சச்சட்டிகள் எல்லாம் வளவின் கோடியில் இருந்த தகரக் கொட்டிலுக்கு நாடு கடத்தப்படும். வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அதன்பிறகு பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லே கேட்காது. மாட்டிறைச்சி என்ற சொல் வருடம் முழுவதுமே கேட்காது.

என் நோயைக் கண்டுபிடித்தவை எறும்புகள். நான் ஒதுங்கும் வேலியோரத்தில் அவை சாரிசாரியாக வந்து சேர்வதை மாமா கவனித்தார். அப்போது நான் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கத் தொடங்கியிருந்தேன். உடம்போ எலும்பும் தோலுமாகிக் கொண்டிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என் காதுபடவே சொன்னார்: உயிர் உள்ளவரை ஒவ்வொரு நாளும் ஊசி, ஊசி நின்றால் ஒரு கிழமை தாங்காது. அம்மா அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போடக் காட்டித் தரச் சொல்லி மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் தோடம்பழத்தில் குத்திப் பழக்கினார்கள். வீட்டில் தோடம்பழத்துக்கு எங்கே போவது? அம்மா கத்தரிக்காயில் பழகினார். ஒரு வாரமாக எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய்கள் அத்தனையும் ஊசி போட்டுக்கொண்டன. கறியில் கத்தரிக்காயைக் கண்டால் மாமா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

“எனக்குச் சீனி வருத்தம் இல்லை அக்கா. எனக்கேன் உந்த மருந்துக் கத்தரிக்காய்?”

ஆனால் ஊசி மழுங்கும்போது, புகையிலை வெட்டும் கத்தியைத் தீட்டுகிற கல்லில் அதைத் தீட்டித் தருபவரும் அவர்தான். காலையில் சிறுநீரை நீல நிற மருந்தோடு கலந்து, குப்பி விளக்கில் கொதிக்கவைத்து நிறம் பார்ப்பதும் அவர் வேலை. நீலமாக நின்றால் நல்லது, பச்சை பரவாயில்லை, மஞ்சள் கூடாது, செங்கல் நிறம் ஆபத்து. முடிவை வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி அறிவிப்பார். “இண்டைக்குப் பச்சை!” ஊரில் பலருக்கு என் சிறுநீரின் நிறம் தெரிந்திருந்தது.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி என்ற சாமானை அப்போது நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். வீட்டிலே குளிர்ந்த இடம் சாமியறை. வடக்குப் பக்கம், யன்னல் இல்லை, தடித்த மண்சுவர், சாணியால் மெழுகிய நிலம். அதன் மூலையில் அம்மா ஒரு மண்பானையை வைத்து, பாதிக்கு ஈர மணல் போட்டு, மணலில் போத்தலைப் புதைத்து, மேலே நனைத்த துணியால் மூடினார். பெரியம்மா மறுக்கவில்லை. “பிள்ளையைப் பாக்கிற சாமி மருந்தையும் பாக்கட்டும்,” என்றார்.

காலையில் குளித்தவுடன் சாமியறைக்குப் போய்ப் போத்தலை எடுத்து வருவதும், ஊசி போட்டபின் திரும்பக் கொண்டுபோய் வைப்பதும் என் பொறுப்பு. கொதித்த ஊசி அம்மாவின் கையில் இருக்கும், வேறெதையும் தொடமாட்டார்.

போத்தல் எனக்கு எப்போதும் மொட்டையாகவே வரும். மாமா பட்டணத்திலிருந்து வாங்கி வந்ததும், அம்மா பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் அடுப்பில் போட்டுவிட்டு, போத்தலில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுப்பார். துப்புரவு என்று நினைத்தேன்.

அந்த ஆவணியில், கொடியேற்றத்துக்கு முதல் நாள், அம்மாவும் பெரியம்மாவும் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் போட்ட குடுவையில் புதுப் போத்தலோடு சைக்கிளில் வந்திறங்கிய மாமா, அதைப் பெட்டியோடு என் கையில் தந்துவிட்டுத் தோரணம் கட்டப் போய்விட்டார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு எனக்கு. அச்சடித்த ஆங்கிலம் எங்கே கிடைத்தாலும் உரத்து வாசிக்கும் வியாதியும் கூடவே இருந்தது. தாளை விரித்தேன். இம்மருந்து எருதுகளின் ஏதோ ஒன்றிலிருந்து தயாரிக்கப்பட்டது என்று இருந்தது. அந்த ஏதோ ஒன்று என்னவென்று தெரியவில்லை. எருதுகளைத் தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அந்தச் சொல்லைப் பிழையாக எழுதி இரண்டு அடி வாங்கியிருந்தேன்.

மாட்டுக் கொட்டிலுக்குப் போய் மாமாவின் எருதுகளுக்கு முன்னால் நின்றேன். பொங்கலுக்கு மறுநாள் நான் பொட்டு வைத்துவிட்ட எருதுகள். ஒன்று என் கையை நக்கியது. கையை இழுத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் இரண்டு விடயங்கள் இருந்தன. சொன்னால் பெரியம்மா போத்தலைத் தூக்கி எறிவார், ஒரு கிழமையில் நான் சாவேன். சொல்லாவிட்டால் கொடி ஏறியிருக்கும் நாட்களில் சாமிக்குப் பக்கத்தில் எருது இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி கண்டுபிடிக்க அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஓரினத்தைச் சேர்ந்தவற்றை ஓரிடத்தில் வைக்க வேண்டும். மச்சம் மச்சத்தோடு. பெட்டியையும் தாளையும் அடுப்பில் போட்டு, போத்தலில் ஒட்டியிருந்ததையும் அம்மாவைப் போலச் சுரண்டினேன். போத்தலைக் கொண்டுபோய்த் தகரக் கொட்டிலில் மச்சச்சட்டி ஒன்றுக்குள் வைத்து மூடினேன். சாமியறைப் பானையின் துணியை வழக்கம்போல நனைத்துவிட்டேன். பின்னாளில் ஆயிரக்கணக்கான கோப்புகளை இடம் மாற்றியிருக்கிறேன். எதையும் இவ்வளவு யோசித்து, இவ்வளவு பிழையாகச் செய்ததில்லை.

ஆவணி வெயிலில் அந்தத் தகரத்தின் கீழே மத்தியானத்தில் கோழிகூட நிற்காது.

காலையில் கொட்டிலுக்கு ஓடிப் போத்தலை எடுத்து, சாமியறைப் பக்கமாகச் சுற்றிவந்து கொடுப்பேன். இரண்டாம் நாள் அம்மா மூக்கைச் சுளித்தார்.

“என்ன, மீன் மணக்குது?”

“கொடி ஏறியிருக்கேக்கை என்ன கதை கதைக்கிறாய்!” என்று குசினிக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. அதோடு அந்த விசாரணை முடிந்தது. அடுத்த நாளிலிருந்து போத்தலைப் பாவாடையில் துடைத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மாமா, “மஞ்சள்,” என்றார். வேலிக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. ஆறாம் நாள் செங்கல் நிறம். எனக்குப் பழைய தாகம் திரும்பியிருந்தது. பெரியம்மாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

“கோயில்லை கள்ளமா மோதகம் திண்டனியோ?”

“இல்லைப் பெரியம்மா.”

“வாயைத் திற பாப்பம்.”

வாயைத் திறந்தேன். மோதகம் இருக்கவில்லை. அவர் நம்பவுமில்லை. மாமா ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய்த் தாதி மிஸியிடம் கேட்டு வந்தார்; மருந்தை நாலு அலகு கூட்டச் சொன்னார்களாம். அம்மா கூட்டினார். செத்த மருந்தை எவ்வளவு கூட்டினால் என்ன? அம்மா என்னை மடியில் இருத்தி, திட்டமாட்டேன், அடிக்கமாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் சொல் என்று கேட்டார். நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். அது உண்மை. கேட்காததை நான் சொல்லவில்லை.

தேர் நாள் வந்தது. நான் பிழைத்ததற்காக அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஈரச் சேலையோடு தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி விழுந்து, வீதி முழுவதும் அடியழித்து வருவதாக வேண்டியிருந்தார். விடிய எழுந்து கிணற்றடியில் குளித்து, சேலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவர், நான் விறாந்தையில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தபடி கிடப்பதைக் கண்டார். குனிந்து என் வாயை மணந்தார். அழுகிய பழம் போல மணந்ததாகப் பிறகு சொன்னார். எனக்கு மூச்சு பெரிது பெரிதாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என்னால் எழும்ப முடியவில்லை என்பதால் போத்தலை எடுக்க அம்மாவே சாமியறைக்குப் போனார்.

“போத்தல் எங்கை பிள்ளை?”

“மச்சச்சட்டிக்கை.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கியது, ஓடினார். போத்தலோடு திரும்பி வந்து வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளை வெள்ளையாகத் தூள் மிதந்தது.

“பகலெல்லாம் தகரத்துக்குக் கீழை வெந்திருக்கு,” என்றார். “ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ?”

“அது மாட்டிலை செய்தது மாமா. தாளிலை கிடந்தது. சாமியறைக்கை வைச்சா...”

அதற்குமேல் பேச எனக்கு மூச்சு இல்லை. வாசலில் பூத்தட்டோடு பெரியம்மா நின்றார்.

“என்னடி சொல்லுது பிள்ளை?”

அம்மா என்னைத் தூக்கித் தோளில் போட்டார். “ஓம் அக்கா. மாடுதான்.”

“உனக்குத் தெரியுமோ?”

“முதல் நாளே டொக்டர் அம்மா சொன்னவா.”

“தெரிஞ்சுகொண்டே சாமியறைக்கை வைச்சனீ?”

“வீட்டுக்கை குளிர்ந்த இடம் அதுதானே அக்கா. வேறை எங்கை வைக்கிறது?”

மன்னிப்புக் கேட்கும் குரலில் அம்மா அதைச் சொல்லவில்லை. கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பெரியம்மாவின் தட்டிலிருந்து பூ ஒன்று விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

மாமா சந்தியிலிருந்து வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வந்தார். பெரியம்மா எங்களோடு ஏறவில்லை. கார் திரும்பும்போது அவர் சாமியறைப் பக்கம் நடந்து போவதைக் கண்டேன். பானையை உடைக்கப் போகிறார் என்று நினைத்தபடியே மயங்கினேன்.

கண் விழித்தபோது கையில் ஊசி, தலைக்கு மேலே தண்ணீர்ப் போத்தல். பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்தபடி அம்மா. ஈரச் சேலை அவர் உடம்பிலேயே காய்ந்து சுருங்கியிருந்தது.

“நேர்த்தி அம்மா?”

“அதுக்கென்ன. தேர் வருசா வருசம் ஓடும்.”

“பெரியம்மா மருந்தை எறிஞ்சு போடுவாவோ?”

அம்மா என் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

“எறிஞ்சா நாங்கள் வேறை வீட்டை போவம்,” என்றார்.

எங்களுக்கு வேறு வீடு இருக்கவில்லை. எனக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மாமா இரண்டு முறை வந்தார். பெரியம்மாவைப் பற்றி அம்மா கேட்டபோதெல்லாம், “அவ ஒண்டும் கதைக்கிறேல்லை. மருந்து ஏன் பழுதாப்போனது எண்டு மட்டும் ஒருக்காக் கேட்டவ,” என்றார்.

எட்டாம் நாள் புதுப் போத்தலோடு வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசல் படலையடியில் நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். சண்டைக்குப் போகிறவர் அப்படித்தான் செருகுவார். என் கையை இறுக்கிப் பிடித்தபடி நேரே சாமியறைக்குப் போனார்.

சாமியறையில் சாமி இல்லை. படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வெறும் ஆணிகள். விளக்கு இல்லை, மணி இல்லை, திருநீற்றுக் குடுவை இல்லை. அந்த ஆணிகளுக்குக் கீழே, சுவரோடு, அறையிலேயே அதிகம் குளிரும் இடத்தில் எங்கள் பானை இருந்தது. மணல் புதிது. துணி புதிது. துணியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

சாமிப் படங்கள் முழுவதும் விறாந்தையில் இருந்தன. மாலை வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவரில் முருகனும் பிள்ளையாரும் அம்மனும் கண்ணாடி மினுங்க வரிசையாகத் தொங்கினார்கள். அவர்களுக்குக் கீழே நிலத்தில் அமர்ந்து பெரியம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றார் அம்மா. சண்டைக்குக் கொண்டுவந்த குரலை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. “சாமியள் எல்லாம் இஞ்சை...”

“சாமிமார் வெக்கை தாங்குவினம்,” என்றார் பெரியம்மா, தலையை நிமிர்த்தாமல். “உந்தப் போத்தில் தாங்காதாம்.”

அம்மா செருகியிருந்த சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்தார். நான் அழுதேன். என்னால் சாமிகள் அறையைவிட்டு வெளியேற வேண்டி வந்துவிட்டதே என்று அழுதேன். இது எனக்குப் பெரியம்மா தந்த தண்டனை என்றுதான் விளங்கிக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகும் பல நாட்கள் என்னோடு பேசாமல் இருந்தது அந்த எண்ணத்தை உறுதி செய்தது. மோதகத்தைப் பற்றி மட்டும், ஒருநாள் எனக்குத் தலை வாரி இழுத்துவிடும்போது, “நீ திண்டிருக்கமாட்டாய்தான்,” என்றார்.

நாங்கள் திரும்பி வந்த மறுநாள் விடியலில் பாயில் படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் குளித்துவிட்டு ஒரு செம்பில் தண்ணீரோடு உள்ளே வந்தார். சாமியறைக்குப் போய், பானையில் கை படாமல், எட்ட நின்று துணியின் மேலே தண்ணீரைத் தெளித்தார். திரும்பக் கிணற்றடிக்குப் போய் இன்னொரு முறை தலையோடு குளித்தார். அதன் பிறகுதான் விறாந்தைக்கு வந்து சாமிக்கு விளக்கு ஏற்றினார். அன்று தொடங்கி, நான் கல்யாணம் செய்து அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை, மார்கழிக் குளிரிலும் மழையிலும் அதே ஒழுங்கு. ஒரு நாள் மாறியதில்லை.

வெக்கைக்கு இரண்டு முறை குளிக்கிறார் என்று நினைத்தேன். பானைக்கு முதலில் தண்ணீர் தெளிப்பது ஏன் என்பதற்கும் என்னிடம் விடை இருந்தது: பானை வழியில் இருக்கிறது, அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறார். கிணற்றடியிலிருந்து வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது விறாந்தையும் சாமிப் படங்களும்தான், சாமியறை அதையும் தாண்டி உள்ளே இருக்கிறது, விளக்கை முதலில் ஏற்றினால் ஒரு குளிப்பே போதும் என்பது, அந்த வழியால் ஒரு நாளைக்கு இருபது தரம் ஓடித் திரிந்த எனக்கு அப்போது தெரியவில்லை.